தடுத்தது திறக்கிறது, திறக்க வேண்டியது தடுக்கப்படுகிறது: வீட்டு ப்ராக்ஸியில் கோளாறு பார்ப்பது எப்படி

வீட்டில் ப்ராக்ஸி, அதாவது எல்லாருடைய இணையக் கோரிக்கைகளையும் வாங்கி விதிப்படி விடும் அல்லது தடுக்கும் இடைத்தரகர், வைத்தவருக்கு வரும் புகார்கள் இரண்டே வகைதான். “தடுத்துவிட்டதாகச் சொன்னீர்களே, இதோ திறக்கிறதே” என்று பிள்ளை சிரித்துக்கொண்டே போனைக் காட்டுவது ஒன்று. “பணம் அனுப்ப முடியவில்லை, அந்தப் பெட்டியை முதலில் பிடுங்கிப் போடுங்கள்” என்று கூடத்திலிருந்து குரல் வருவது மற்றொன்று. முதலாவதற்கு அசடு வழியலாம். இரண்டாவது வந்தால் அன்றைய சாப்பாட்டுக்கு முன் சரிசெய்தாக வேண்டும்.

என் வீட்டு அமைப்பை வைத்தே எழுதுகிறேன். ரவுட்டரின் முகவரி 192.168.1.1. ஒரு ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி (இனி ‘பை’), அதில் டெபியன் வகை லினக்ஸ், அதன் மேல் ஸ்குவிட். அதற்கு முகவரி 192.168.1.10, போர்ட், அதாவது வாசல் எண், 3128. ஒவ்வொரு சாதனத்திலும் வைஃபை அமைப்புக்குள் போய் இந்த முகவரியைக் கையாலேயே கொடுத்திருக்கிறேன். ஸ்குவிட் என்றால் நம் மீன் சந்தையில் விற்கும் கணவாய்தான்; 1996 முதல் புழக்கத்தில் இருக்கும் ப்ராக்ஸி மென்பொருள். கட்டளைகளும் லாக் சொற்களும் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும், இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன்.

முதலில் லாக்

புகார் வந்ததும் விதிகளைத் திருத்தக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுத்து, ஸ்குவிட்டின் அக்சஸ் லாகை, அதாவது எந்தச் சாதனம் எந்தத் தளத்தைக் கேட்டது என்ற பதிவேட்டை, ‘டெயில் -எஃப்’ கட்டளையால் ஓடவிட்டு, புகார் வந்த போனில் அதே தளத்தை மறுபடி திறக்கச் சொல்லுங்கள். இப்படி ஒரு வரி வரும்:

1735689600.412   0   192.168.1.23   டிசிபி_டினைட்/403   3921   கனெக்ட்   (தளத்தின் பெயர்):443

முதல் எண் நேரம். 1970 ஜனவரி 1இலிருந்து எத்தனை விநாடி என்ற கணக்கு. மேலே உள்ளது 2025 ஜனவரி 1, இந்திய நேரம் காலை 5.30. அடுத்தது எடுத்துக்கொண்ட மில்லி விநாடி. மூன்றாவது, கேட்ட சாதனம். நான்காவதில்தான் விஷயம் இருக்கிறது: டினைட்/403 என்றால் நம் விதி தடுத்திருக்கிறது. டனல்/200 என்றால் விட்டுவிட்டது. 503 என்றால் விதிக்குச் சம்பந்தமில்லை, ஸ்குவிட்டாலேயே அந்தத் தளத்தை எட்ட முடியவில்லை. கனெக்ட் என்பது ‘இந்தத் தளத்துக்கு வழி திறந்துவிடு’ என்ற கோரிக்கை.

வரியே வரவில்லை என்றால்? கோரிக்கை ப்ராக்ஸிக்கு வரவே இல்லை. அப்போது விதிகளை இரவெல்லாம் திருத்தினாலும் பயனில்லை.

இதில் ஒரு பொறி உண்டு, நான் விழுந்திருக்கிறேன். டனல் வரியை ஸ்குவிட் அந்த இணைப்பு மூடிய பிறகுதான் எழுதும். அரை மணி நேர வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது லாக் சும்மா இருக்கும். ‘ப்ராக்ஸி வழியாகப் போகவில்லை’ என்று முடிவுகட்டிவிடுவீர்கள். செயலியை முழுவதும் மூடிவிட்டு லாகைப் பாருங்கள். அல்லது பையில் ‘எஸ்எஸ்’ கட்டளையைக் கொடுத்து 3128இல் யார் யார் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

லாகைப் படிப்பது வீட்டிலுள்ளவர்களின் கடிதத்தைப் பிரிப்பதற்குப் பக்கத்தில் வரும் வேலை. பெரியவர்களின் சாதனங்களை லாகில் எழுதாமல் விட ஸ்குவிட்டில் வழி இருக்கிறது. ‘அக்சஸ்_லாக்’ வரியின் கடைசியில் ஆச்சரியக்குறி போட்டு, அந்தச் சாதனங்களுக்கு விதிகளில் வைத்த குழுப் பெயரைச் சேர்த்தால் போதும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

யாருக்கும் எதுவுமே திறக்கவில்லை

குரோம் உலாவி காட்டும் பிழைச் சொல்லைப் பாருங்கள். ‘ப்ராக்ஸி கனெக்‌ஷன் ஃபெயில்டு’ என்றால் பெட்டியையே எட்ட முடியவில்லை. ‘டனல் கனெக்‌ஷன் ஃபெயில்டு’ என்றால் பெட்டி உயிரோடு இருக்கிறது, போக விடவில்லை. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

முன்னது என்றால் மூன்று காரணங்களில் ஒன்று. மின்வெட்டுக்குப் பிறகு ரவுட்டர் பைக்கு வேறு முகவரி கொடுத்திருக்கலாம். ரவுட்டரில் அந்த முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இது தீரும். நேற்று செய்த திருத்தத்தில் எழுத்துப்பிழை இருந்து, இன்று மறுதொடக்கத்தில் ஸ்குவிட் கிளம்பாமல் போயிருக்கலாம். ‘ஸ்குவிட் -கே பார்ஸ்’ எந்த வரி என்று காட்டிக்கொடுக்கும். மூன்றாவது காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பின்னது, அதுவும் புதிதாக நிறுவிய நாளிலேயே என்றால், கோளாறு உங்களுடையது அல்ல. டெபியன் தரும் ஸ்குவிட் முதல் நாளில் தன்னைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடாது. ஸ்குவிட்டின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் ‘கான்ஃப்.டி’ அடைவில் உள்ள டெபியன்.கான்ஃப் கோப்பில் ‘அலவ் லோக்கல்நெட்’ என்ற வரிக்கு முன்னால் ஒரு # இருக்கும். அதை நீக்குங்கள்.

சிலருக்கு மட்டும் மறுப்பு வருகிறது, மற்றவர்களுக்குச் சரியாக இருக்கிறது என்றால், ப்ராக்ஸி முகவரியாக எண்ணுக்குப் பதில் ‘ராஸ்பெர்ரிபை.லோக்கல்’ போன்ற பெயரைக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பெயரைக் கொடுத்தால் போன் ஐபிவி6, அதாவது நீளமான புதிய வகை முகவரி, வழியாகவும் வரக்கூடும். அப்போது அது பொது ஐபிவி6 முகவரியோடு வந்து நிற்கும், ஸ்குவிட்டின் லோக்கல்நெட் பட்டியலில் அந்த முகவரி இருக்காது. எண்ணையே கொடுப்பது நல்லது.

தடுத்த தளம் திறக்கிறது

லாகில் வரி இருக்கிறதா, இல்லையா? வழி இங்கேயே இரண்டாகப் பிரிகிறது.

வரி இருக்கிறது, டனல்/200 என்கிறது: விதியில்தான் தவறு. பெரும்பாலும் வரிசை. ஸ்குவிட் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்துவதே தீர்ப்பு, அதற்குக் கீழே இருப்பதைப் பார்க்காது. ‘வீட்டிலுள்ள எல்லாரையும் விடு’ என்பது மேலேயும் ‘இந்தத் தளங்களைத் தடு’ என்பது கீழேயும் இருந்தால், கீழே உள்ளது வெறும் அலங்காரம்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதில் தொலைத்தேன். என் தடை விதிகளை ‘கான்ஃப்.டி’ அடைவில் ஹோம்.கான்ஃப் என்று தனிக் கோப்பாக வைத்திருந்தேன். கோப்பில் எல்லாம் ஒழுங்கு. ஆனால் அந்த அடைவில் உள்ள கோப்புகளை ஸ்குவிட் அகரவரிசையில் படிக்கிறது. ஆங்கில ‘டி’ எழுத்தில் தொடங்கும் டெபியன்.கான்ஃப், ‘எச்’ எழுத்தில் தொடங்கும் ஹோம்.கான்ஃப்புக்கு முந்திவிடும். எல்லாரையும் விடு என்ற வரி அங்கேதான் இருக்கிறது. கோப்பின் பெயருக்கு முன்னால் 01 என்று சேர்த்தேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரவில்லை.

அடுத்தது புள்ளி. தளப் பெயர்களை எழுதும் ‘டிஎஸ்டிடொமைன்’ பட்டியலில் யூடியூப்.காம் என்று எழுதினால் அந்தப் பெயர் மட்டுமே பொருந்தும். முன்னால் ‘எம்’ என்றோ ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’ என்றோ வந்தால் நழுவிவிடும். முன்னால் ஒரு புள்ளி வைத்து .யூடியூப்.காம் என்று எழுதினால் அதன் கிளைகள் அத்தனையும் அடங்கும். ஆனால் புள்ளி வைத்ததையும் அதன் கிளையையும் சேர்த்துப் பட்டியலிடாதீர்கள். ஸ்குவிட் எச்சரிக்கும், சில பதிப்புகளில் கிளம்பவே மறுக்கும்.

யூடியூபைத் தடுக்க அந்த ஒரு பெயர் போதாது. வீடியோ வருவது கூகுள்வீடியோ.காமிலிருந்து, சிறு படங்கள் ஒய்டிஐஎம்ஜி.காமிலிருந்து, செயலி பேசுவது கூகுள்ஏபிஐஸ்.காமின் யூடியூபை என்ற கிளையோடு. அந்தக் கிளையை மட்டும் தடுங்கள். கோபத்தில் கூகுள்ஏபிஐஸ் முழுவதற்கும் புள்ளி வைத்தால் பாதி போன் செத்துப்போகும்.

மூன்றாவது, பாதையை வைத்துத் தடுக்கப் பார்ப்பது. தளம் வேண்டும், அதில் உள்ள ‘கேம்ஸ்’ பகுதி மட்டும் வேண்டாம் என்று விதி எழுதுகிறோம். இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ். உறையின் மேல் எழுதிய பெயரைத்தான் ப்ராக்ஸி பார்க்கிறது, உள்ளே உள்ள கடிதத்தை அல்ல. சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது எதுவும் அதன் கண்ணில் படாது. இந்த விதியை எத்தனை அழகாக எழுதினாலும் பொருந்தப்போவதில்லை.

வரியே இல்லை: சுற்றிக்கொண்டு போகிறார்கள். முதலில் போனின் மேல்விளிம்பைப் பாருங்கள். வைஃபை குறி இருக்கிறதா, மொபைல் டேட்டா ஓடுகிறதா? சிரிப்பாக இருக்கும், ஆனால் பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும். அடுத்து, இணைய நிறுவனத்தார் மாட்டிவிட்டுப் போன பெட்டி. நாம் தனியாக ஒரு ரவுட்டர் வாங்கி அதன் பின்னால் எல்லாவற்றையும் ஒழுங்குசெய்திருப்போம். அவர்கள் பெட்டி தன் வைஃபையை இன்னும் வீசிக்கொண்டிருக்கும், கடவுச்சொல் அதன் முதுகிலேயே ஒட்டியிருக்கும். பத்து வயதுக் குழந்தைக்கு அதைத் திருப்பிப் பார்க்கத் தெரியும்.

அதற்கடுத்து செயலிகள். ஆண்ட்ராய்டில் ப்ராக்ஸி முகவரியைக் கொடுக்கும் இடத்திலேயே, உலாவி இதைப் பயன்படுத்தும், மற்ற செயலிகள் பயன்படுத்தாமல் போகலாம் என்று எழுதியிருக்கிறது. யாரும் படிப்பதில்லை. ப்ராக்ஸி அமைப்பு என்பது வேண்டுகோள்தான். கட்டளையாக வேண்டுமானால் ரவுட்டரில் தடுப்பு வேண்டும். பையைத் தவிர வேறு எந்தச் சாதனமும் வெளியே டிசிபி 80, 443 போர்ட்டுகளுக்கு நேராகப் போகக் கூடாது என்று விதி எழுதுங்கள். டிசிபிக்கு மாற்றான அனுப்பு முறையான யுடிபி 443ஐயும் சேர்க்க மறக்காதீர்கள். க்விக் என்ற புதிய நெறிமுறை அதில்தான் ஓடுகிறது, டிசிபியை மட்டும் அடைத்தால் வீடியோக்கள் அந்தச் சந்தில் போய்விடும். இந்த விதியை ஐபிவி6க்கும் தனியாக எழுத வேண்டும். பல மலிவு ரவுட்டர்களில் அதற்கு இடமே இல்லை. அப்படியானால் வீட்டுக்குள் ஐபிவி6ஐ அணைத்துவிடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தானியங்கி அமைப்புக் கோப்பு, அதாவது பேக் கோப்பு, பயன்படுத்துபவர்கள் அதன் கடைசிச் சொல்லைப் பாருங்கள். ‘ப்ராக்ஸி, டைரக்ட்’ என்று முடிந்தால், ப்ராக்ஸி படுத்த மறுநிமிடம் உலாவி நேராக வெளியே போய்விடும். வசதியா ஓட்டையா என்பது உங்கள் தீர்மானம்.

திறக்க வேண்டிய தளம் தடுக்கப்படுகிறது

சொற்களை வைத்துத் தடுப்பவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். ‘செக்ஸ்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை வடிவக் கோவையில், அதாவது பெயரில் எங்கே வந்தாலும் பிடிக்கும் விதியில், போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் இங்கிலாந்துக் கவுன்டி கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தால் எசெக்ஸ், சசெக்ஸ், மிடில்செக்ஸ் என்று பெயர் தாங்கிய தளங்களுக்கு எல்லாம் மறுப்பு. சூதாட்டத்தைத் தடுக்க ‘பெட்’ என்று போட்டவர்களுக்கு ஆல்ஃபபெட் போய்விடும், திபெத்தும் போய்விடும்; ஆங்கிலத்தில் அந்த மூன்று எழுத்துகளும் இரண்டிலும் இருக்கின்றன. சொல் வடிகட்டியை விட்டுவிட்டு, தளப் பெயர்ப் பட்டியலுக்கு மாறுங்கள். விட முடியாது என்றால் அதற்கு மேலே ஓர் அனுமதிப் பட்டியலையாவது வையுங்கள்.

பக்கம் பாதி வருகிறது, படம் இல்லை, பொத்தான் அழுத்தினால் அசையவில்லை என்றால், அந்தத் தளம் வேறொரு தளத்திலிருந்து சரக்கு எடுக்கிறது. லாகில் அந்தச் சாதனத்தின் முகவரியோடு வரும் டினைட் வரிகளை மட்டும் பொறுக்கிப் பாருங்கள். குற்றவாளி பெயரோடு நிற்பான்.

தடுப்புப் பக்கம் வரவில்லை, வெறும் பிழைதான் வருகிறது

இது கோளாறு அல்ல. ‘இந்தத் தளம் தடுக்கப்பட்டுள்ளது’ என்று தமிழில் அழகாக ஒரு பக்கம் செய்து வைத்திருப்பீர்கள். எச்டிடிபிஎஸ் தளத்தில் அது தெரியாது. கனெக்ட் கோரிக்கைக்கு ப்ராக்ஸி மறுப்பு சொல்லும்போது கூடவே அனுப்பும் பக்கத்தை உலாவிகள் காட்டுவதில்லை. போலிப் பக்கங்களைத் தவிர்க்கவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

இதற்காகச் சான்றிதழை நிறுவி, போக்குவரத்தைப் பிரித்துப் படிக்கும் ‘எஸ்எஸ்எல் பம்ப்’ முறைக்குப் போகலாம் என்று யோசனை வரும். என் கருத்து: வீட்டில் வேண்டாம். ஆண்ட்ராய்டு 7 முதல், நாம் நிறுவும் சான்றிதழைச் செயலிகள் தாமாக நம்புவதில்லை. பல வங்கிச் செயலிகள் தங்கள் சான்றிதழைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி பூட்டி வைத்திருக்கின்றன. போதாததற்கு, குடும்பத்தின் அத்தனை கடவுச்சொற்களையும் திறக்கும் சாவி, அலமாரி மேல் கிடக்கும் மெமரி கார்டில் உட்கார்ந்திருக்கும்.

பணம் அனுப்பும் செயலி வேலை செய்யவில்லை

ஏற்கெனவே பம்ப் வைத்திருப்பவர்கள், அந்தச் செயலியின் தளப் பெயர்களை ‘ஸ்ப்ளைஸ்’ பட்டியலில் சேர்த்துப் பிரிக்காமல் அனுப்புங்கள்.

பம்ப் இல்லை, லாகில் டினைட் வருகிறது, பெயருக்குப் பின்னால் 443 இல்லாமல் வேறு எண் இருக்கிறது என்றால், ஸ்குவிட்டின் இயல்பான விதிதான் காரணம். அது கனெக்ட்டை 443க்கு மட்டும்தான் விடும். அந்த எண்ணை ‘எஸ்எஸ்எல்_போர்ட்ஸ்’ பட்டியலில் சேருங்கள்.

லாகில் வரியே இல்லையா? அப்படியானால் செயலி ப்ராக்ஸியை மதிக்காமல் நேராகப் போகப் பார்த்து, நாம் ரவுட்டரில் எழுதிய தடுப்பில் முட்டிக்கொள்கிறது. அந்தத் தடுப்பின் விலை இதுதான். பெரியவர்களின் போன்களுக்கு ரவுட்டரில் நிலையான முகவரி ஒதுக்கி, தடுப்பிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டேன். கூடத்திலிருந்து அதன் பிறகு குரல் வரவில்லை.

விலக்கு கொடுத்த போன் சில நாளில் மறுபடி முட்டினால், அதன் மேக் முகவரி, அதாவது ரவுட்டர் சாதனத்தை அடையாளம் காணும் எண், மாறியிருக்கும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்கு ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டுகின்றன. வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். இதையே மறுபக்கமாகப் பிள்ளைகள் பயன்படுத்துவார்கள் என்பதால், தெரியாத முகவரிக்கு எப்போதும் கடுமையான விதியே பொருந்தும்படி வையுங்கள்.

இரவு 9 மணித் தடை சொன்னபடி நடக்கவில்லை

தடை விடியற்காலை 2.30க்குத் தொடங்கி காலை 11.30க்கு முடிகிறதா? அந்த 5.30 மணி நேர இடைவெளியே சொல்லிவிடுகிறது: பை உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நேர மண்டலத்தை ஏஷியா/கொல்கத்தா என்று மாற்றி ஸ்குவிட்டை மறுதொடக்கம் செய்யுங்கள்.

தடையே வேலை செய்யவில்லை என்றால் விதியைப் பாருங்கள். 21:00-06:00 என்று எழுதினால் ஸ்குவிட் ஏற்காது; தொடக்கம் முடிவைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு வரிகளாக, 21:00-23:59 என்றும் 00:00-06:00 என்றும் பிரித்து எழுதுங்கள். கிழமை எழுத்துகளிலும் கவனம்: டி என்றால் செவ்வாய், ஆகவே வியாழனுக்கு எச். எஸ் என்றால் ஞாயிறு, ஆகவே சனிக்கு ஏ. பள்ளி நாள்களுக்கு மட்டும் தடை என்றால், ஞாயிறு இரவின் பின்பாதி திங்கள் கணக்கில் வரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் 9 மணிக்குச் சற்று முன் தொடங்கிய வீடியோ 9.40க்கும் ஓடுகிறது. ஸ்குவிட் வாசலில் நிற்கும் காவலர் மாதிரி. உள்ளே நுழையும்போதுதான் சீட்டு கேட்பார், உள்ளே போனவரை எழுப்ப மாட்டார். 9 மணிக்கு முன் திறந்த இணைப்பு தானாக மூடும்வரை ஓடும். தினமும் 9.01க்கு ஸ்குவிட்டை மறுதொடக்கம் செய்யும் கிரான் வேலை, அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை, ஒன்றை வைத்தேன். இயல்பாக அது ஓடும் இணைப்புகளுக்கு 30 விநாடி அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் மூடும். என் மகள் அதைக் கண்டுபிடித்து, 9.01க்கு விடைபெறும் செய்தி அனுப்பிவிடுகிறாள்.

மின்வெட்டு நாளில் மட்டும் தடை தாறுமாறாக இருக்கிறது என்றால் கடிகாரம். பை 4இல் மின்சாரம் போனால் நேரத்தைக் காக்கும் பேட்டரி இல்லை. பை ஒரு நிமிடத்தில் எழுந்துவிடும். இணையம் வரத் தாமதமானால், அதுவரை பழைய நேரத்திலேயே விதிகளை நடத்தும். சிறிய கடிகாரப் பலகை ஒன்றை மாட்டலாம். பை 5இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பேட்டரியை மட்டும் தனியாக வாங்க வேண்டும்.

ஒரு நாள் காலை ஸ்குவிட் கிளம்பவே இல்லை

மேலே பாக்கி வைத்த மூன்றாவது காரணம். ‘பார்ஸ்’ குறை சொல்லவில்லை, முகவரி சரி, ஆனாலும் எழவில்லை என்றால் ‘டிஎஃப் -எச்’ கொடுத்து மெமரி கார்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். லாகை எழுத முடியாவிட்டால் ஸ்குவிட் நின்றுவிடும்.

டெபியனில் அக்சஸ் லாக் தினமும் சுழன்று பழையது நீங்கிக்கொண்டே இருக்கும், எனவே சாதாரணமாக அது நிரம்பாது. நிரப்புவது இன்னொரு கோப்பு, ஸ்குவிட் தன் சொந்த நடப்பை எழுதிவைக்கும் கேஷ் லாக். கோளாறு பார்க்கும்போது விவரம் வேண்டும் என்று ‘டீபக்_ஆப்ஷன்ஸ்’ வரியை ‘ஆல்,9’ ஆக்கியிருப்பீர்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் பக்கம் பக்கமாக எழுதும் நிலை அது. அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் ஆக்கியிருந்தேன். வரிசைப் பிழையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் திரும்ப ‘ஆல்,1’ ஆக்க மறந்துவிட்டேன். புதன்கிழமை காலை வீட்டில் யாருக்கும் இணையம் இல்லை.